கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று

கொக்கு வேண்டுமென்றேதான் இடித்தான் என்று அக்கா சொன்னாள். கார் ரேஸில் இதெல்லாம் நடக்கிறதுதான் என்று நடுவர்கள் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இடிபட்டவனுக்கு மட்டும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அவன் ஞாபகத்தில் மிச்சம் இருந்தது வானம் ஒன்றுதான்.

இடிபட்டவனை எல்லாரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவன் என்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். அவன் முதன்முதலாகப் பெரிய ரேஸுக்கு வந்த அன்று அக்காவும் கூட வந்து, மெக்கானிக்குகள் காதுபட "சின்னவனே, ஏதாவது சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவைத்தாள். அதோடு சரி. உலகத்தில் அந்த ரேஸ் வண்டியை ஓட்டத் தகுதியுள்ள இருபது பேரில் ஒருவனாக ஆன பிறகும், அணியின் இன்ஜினியர் அவன் காதுக்குள் ரேடியோவில் "சின்னவனே, டயரைப் பார்த்து ஓட்டு" என்றுதான் சொல்வார்.

கொக்குக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. பார்த்தவர்கள் யாரும் காரணம் கேட்டதில்லை. ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கழுத்து, குச்சிக் கால். அந்த உடம்பை மடக்கி அந்தச் சின்ன வண்டிக்குள் எப்படித் திணிக்கிறான் என்பது அவன் மெக்கானிக்குகளுக்கே ஆச்சரியம். ஓட்டுவதிலும் அவன் அவசரப்படுகிற ஆள் இல்லை. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் இருபது சுற்று, முப்பது சுற்று அப்படியே ஒட்டிக்கொண்டு வருவான். ஒரே ஒரு முறை மூக்கை நீட்டுவான். அப்புறம் அவன்தான் முன்னால்.

நாலு வருஷமாக அவர்கள் இருவருக்கும் ஆகாது. சண்டை ஒன்றும் போட்டதில்லை. பேசினால்தானே சண்டை வரும். பரிசு மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், ஆளுக்கு ஒரு திசையைப் பார்ப்பார்கள். ஒருவன் ஜெயித்தால் மற்றவன் இரண்டாவது. மூன்றாவதாக வருகிறவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த வருஷமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பாதி ரேஸ்கள் முடிந்தபோது சின்னவன் பதினொரு புள்ளி முன்னால் இருந்தான்.

மேட்டு வளைவு என்று ஒரு இடம். பாதை சட்டென்று ஒரு மேட்டில் ஏறி, உச்சியில் இடது பக்கம் திரும்பும். ஏறும்போது எதிரில் பாதையே தெரியாது, ஆகாயம்தான் தெரியும். அங்கே கொக்கு உள்பக்கமாக மூக்கை நீட்டினான். அவன் முன்சக்கரமும் சின்னவனின் பின்சக்கரமும் தொட்டுக்கொண்டன. தொட்டது ஒரு நொடியில் பாதிகூட இருக்காது. சின்னவனின் வண்டி தரையை விட்டது.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. அதைத்தான் அவன் பிறகு பலமுறை சொன்னான். இன்ஜின் சத்தம், காற்று, காதுக்குள் பேசும் குரல் எல்லாம் நின்றுவிட்டன. வெள்ளை வெளேரென்று ஒரு வானம், அதற்குள் மெதுவாக அவன். எங்கேயோ கீழே புல் தெரிந்தது. பச்சையாக, ரொம்ப தூரத்தில், யாரோ மடித்து வைத்த போர்வை மாதிரி. பயமாகவே இல்லை. இன்னும் கொஞ்சம் இப்படியே இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கண்விழித்தபோது ஆஸ்பத்திரி. எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் மண்டைக்குள் மூளை நன்றாகக் குலுங்கியிருந்தது. வெளிச்சம் பட்டால் கண்ணில் ஊசி குத்தியது. தலையைத் திருப்பினால் அறையும் கூடவே திரும்பி, நிற்க மறந்துவிட்டது.

"ஆறு வாரம் இருட்டு அறை," என்றார் டாக்டரம்மா. "டிவி கூடாது, போன் கூடாது, படிக்கக் கூடாது. வண்டியைப் பத்தி நினைக்காதீங்கன்னு சொல்லணும். சொன்னா கேக்கவா போறீங்க?"

அக்கா அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அக்கா பல் டாக்டர். வீட்டின் முன்பக்கம் இரண்டு அறையும் கிளினிக். ஒன்றில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நோயாளிகள் காத்திருப்பார்கள், இன்னொன்றில் அந்தச் சாய்வு நாற்காலி. பின்னறையில் ஜன்னலுக்குக் கனமான திரை இரண்டு அடுக்குப் போட்டு, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, தம்பியைப் படுக்கவைத்தாள். பொழுது போவது அவனுக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு முன்னறையில் பல் குடையும் மெஷின் ஓட ஆரம்பிக்கும். மெல்லிய கீச்சுக்குரல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். அரைத்தூக்கத்தில் கேட்டால் தூரத்தில் ஒரு ரேஸ் வண்டி கியர் மாற்றிக்கொண்டு போவது மாதிரியே இருக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வண்டி எந்த வளைவில் போகிறது என்று யோசிப்பான். பாவம், அங்கே யாருடைய கடைவாய்ப் பல்லோ.

பத்தாவது நாள் கொக்கு வந்தான்.

வந்தவன் மணி அடிக்கவில்லை. கிளினிக் கதவு திறந்திருந்ததால் நேரே வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கன்னம் வீங்கிய நாலு பேருக்கு நடுவில் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். முழங்கால் இரண்டும் நெஞ்சு வரைக்கும் வந்தது. அக்கா கதவைத் திறந்து "அடுத்தது யாரு?" என்று கேட்டவள் அவனைப் பார்த்ததும் கதவை மறித்து நின்றாள்.

"உங்களுக்கு என்ன?"

"எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லைங்க. அவனைப் பாக்க வந்தேன்."

"அவன் யாரையும் பாக்கறதில்ல. டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க போயிட்டு வாங்க."

அவள் அந்த 'நீங்க'வைச் சொன்ன விதத்தில் மரியாதை துளியும் இல்லை. கொக்கு தலையாட்டினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கிளினிக் மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான், அதே நாற்காலி. அக்கா அவன் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள், தாடையில் துணி கட்டிய ஒரு தையல்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி அக்காவிடம் சொன்னார்:

"வெளிய உக்காந்திருக்காரே, அவரு தானே போய்த் தப்பை ஒத்துக்கிட்டவரு? பேப்பர்ல வந்துச்சே டாக்டர்."

"என்ன வந்துச்சு?"

"நடுவருங்க தப்பு யாருதும் இல்லன்னு எழுதிட்டாங்களாம். இவரு மறுநாள் போய், எழுதினதைக் கிழிங்க, தப்பு என்னுதுன்னாராம். அதனால அடுத்த ரேஸ்ல கடைசி இடத்துலேர்ந்து ஓட்டச் சொல்லிட்டாங்க. பாவம், அதுல வண்டியும் பாதியில நின்னுபோச்சு."

விபத்து நடந்த நாளிலிருந்து அக்கா பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. தையல்காரரை அனுப்பிவிட்டு அவள் கையைக் கழுவினாள். கழுவிய கையை மறுபடி கழுவினாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"வாங்க. உள்ள வந்து உக்காருங்க."

"எனக்குப் பல்லுல..."

"அதை நான் சொல்றேன். வாயைத் திறங்க."

கொக்கு சாய்வு நாற்காலியில் படுத்தான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். வலது பக்கம் கீழ்க் கடைவாயில் உண்மையாகவே ஒரு சொத்தை இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டாள், பஞ்சு வைத்தாள், மெஷினைக் கையில் எடுத்தாள். "வலிச்சா கையைத் தூக்குங்க," என்றாள். குடைய ஆரம்பித்தாள். கூடவே பேசவும் ஆரம்பித்தாள்.

வானத்தில் வண்டி பறந்ததை டிவியில் பார்த்தபோது தன் கையில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதைச் சொன்னாள். தம்பிக்கு முதலில் தன் பெயர்கூட வரவில்லை என்பதையும், இப்போதும் இரவில் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான் என்பதையும் சொன்னாள். "உங்களுக்கு அந்த ஒரு இடம் அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டாள். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகப் படுத்திருந்தவனால் என்ன பதில் சொல்ல முடியும்? முழுசாக இருபத்தைந்து நிமிஷம். அவன் ஒருமுறையும் கையைத் தூக்கவில்லை. கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கி காதுக்குள் போனது. அது வலியில் வருகிற நீர் இல்லை என்பது பல் டாக்டருக்குத் தெரியாதா.

"வாயைக் கொப்புளிச்சுத் துப்புங்க," என்றாள் கடைசியில். "ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது." கையுறையைக் கழற்றிவிட்டு, "பின்னறை. சத்தம் போடாம போ," என்றாள்.

இருட்டுக்குள் யாரோ வந்து தரையில் உட்காருவது சின்னவனுக்குத் தெரிந்தது. அக்காவின் காலடி இல்லை.

"யாரு?"

"நாந்தான்." உதடு மரத்துப்போயிருந்ததால் வார்த்தை குழறியது. "நான் இன்னும் ஒரு வண்டி அளவு தள்ளி வந்திருக்கணும். இடம் இல்ல. இருக்குன்னு நெனச்சுட்டேன். என் தப்பு."

நாலு வருஷத்தில் கொக்கின் குரலைச் சின்னவன் பக்கத்தில் கேட்பது இதுதான் முதல் தடவை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். தலை சுற்றலில் கோபம் நிற்க ஒரு இடமில்லாமல் நழுவி நழுவிப் போனது.

"சரி," என்றான். "போ."

கொக்கு போனான். அடுத்த வாரம் மறுபடி வந்தான். ரேஸுக்கு ரேஸ் நடுவில் கிடைத்த நாட்களில் எல்லாம் வந்தான். முதல் இரண்டு முறை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது முறை கொக்கு கேட்டான்:

"கண்ணை மூடிட்டு ஓட்டிப் பாத்தியா?"

ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது. உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடி, கையில் ஸ்டியரிங் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு முழுச் சுற்றையும் மனசுக்குள் ஓட்டுவார்கள். தொடங்கும்போது ஸ்டாப்வாட்சை அமுக்குவார்கள், முடியும்போது நிறுத்துவார்கள். நல்ல ஓட்டுநராக இருந்தால் மனசில் ஓடிய நேரமும் வண்டியில் ஓடிய நேரமும் ஒரு நொடிகூடத் தள்ளி இருக்காது.

"முடியல," என்றான் சின்னவன். யாரிடமும் சொல்லாததை இவனிடம் ஏன் சொல்கிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. "அந்த மேடு வரைக்கும் போறேன். ஏறினதும் எல்லாம் வெள்ளையாயிடுது. அதுக்கப்புறம் பாதையே இல்ல."

கொக்கு தரையில் இரண்டு காலையும் நீட்டிச் சுவரில் சாய்ந்தான். "வா, சேந்து போவோம்."

இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். கொக்கு வாட்சை அமுக்கினான். கொக்கு மெதுவான குரலில் பாதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். நேர்ப்பாதை, இடது பக்கம் ஊசியிலை மரங்கள், வளைவுக்கு நூறு மீட்டர் என்கிற பலகை, பிரேக், இரண்டாவது கியர். சின்னவனின் கைகள் காற்றில் திரும்பின. மேடு வந்தது. வெள்ளை வந்தது.

"இப்ப நான் எங்க இருக்கேன்?" என்றான் கொக்கு.

"என் பின்சக்கரத்துக்குப் பக்கத்துல."

"இல்ல. ஒரு வண்டி தள்ளி இருக்கேன். நல்லாப் பாரு. நான் உன்னைத் தொடல. நீ போ."

அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. நாலு நாள் கழித்து ஒரு மதியம், முன்னறையில் மெஷின் பாடிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்குள் ஒரு கோடு தெரிந்தது. பாதையின் ஓரத்துச் சிவப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு சின்னவன் மேட்டைத் தாண்டினான். அந்தப் பக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. நீளமான இறக்கம், வேலிக்கு அப்பால் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, வெயில். தான் இல்லாதபோதும் அதெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது என்பது அவனுக்கு என்னவோ செய்தது. சுற்றை முடித்துக் கண்ணைத் திறந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அதற்கப்புறம் அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எங்கெங்கே ரேஸ் நடக்குமோ அந்தப் பாதை எல்லாவற்றையும் அந்தப் பின்னறையிலேயே ஓட்டினார்கள். ஒருநாள் காப்பியோடு உள்ளே வந்த அக்கா, வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் இருட்டில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இடது பக்கம் சாய்வதைப் பார்த்தாள். காப்பியை வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பினாள். போட்டியும் இல்லாமல் இல்லை. "ஒண்ணு இருபத்தொண்ணு புள்ளி நாலு," என்பான் ஒருவன். "எனக்குப் புள்ளி மூணு," என்பான் மற்றவன். மனசுக்குள் ஓட்டியதற்குச் சாட்சி யார்? இருந்தாலும் பொய் சொல்லவில்லை, இருவருமே.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொக்கு வாயைத் திறக்க மாட்டான். வருஷத்தின் கடைசி ரேஸ் நடக்கும் பாதையில் ஏரியை ஒட்டி ஒரு நீண்ட வலது வளைவு. நாலு வருஷமாக அந்த ஒரு வளைவில் மட்டும் அவன் எல்லாரையும்விட வேகமாக வெளியே வருவான். எப்படி என்று எந்த இன்ஜினியருக்கும் புரியவில்லை. கேமராக்களை வைத்துப் பார்த்தும் புரியவில்லை.

"இது என் சொந்த விஷயம்," என்பான் அந்த இடம் வரும்போது. "இதை உனக்குச் சொல்ல மாட்டேன். நீ உன் மாதிரி ஓட்டு." பிறகு மௌனம். இருவரும் அந்த வளைவைத் தனித்தனியாகக் கடப்பார்கள்.

ஒருநாள் அந்த மௌனத்தில் சின்னவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

திறக்க வேண்டும் என்று நினைத்துத் திறக்கவில்லை. திறந்தபின் மூடவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் பழகிய கண்ணுக்கு அந்த அறை பகல் மாதிரி. எதிரே கொக்கு கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, தூங்கும் குழந்தை மாதிரி இருந்தான். வளைவு வருவதற்கு முன்பே அவன் கைகள் திரும்பிவிட்டன. அப்புறம் அசையவே இல்லை. அசைந்தது இடது பாதம். பிரேக்கை மிதிக்கவில்லை, தொட்டுத் தொட்டு எடுத்தது. தூங்குகிற பூனையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடவே இல்லை. நாலு வருஷமாகக் கேமராக்கள் தேடியது வண்டிக்குள் மறைந்திருக்கிற அந்தக் காலில் இருந்தது.

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆறு வாரம் ஏழாகி, டாக்டரம்மா அவனை விட்டார். அதற்குள் மூன்று ரேஸ் போய்விட்டிருந்தன. கொக்கு ஒன்றில் ஜெயித்திருந்தான், ஒன்றில் ஐந்தாவது, ஒன்றில் வண்டி நின்றுபோனது. திரும்பி வந்த முதல் ரேஸில் சின்னவன் ஏழாவதாக வந்தான். பக்கத்தில் ஒரு நிழல் வந்தாலே கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுத் தூக்கிக்கொண்டது. அணித் தலைவர் தோளில் தட்டினார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அடுத்ததில் மூன்றாவது, அதற்கடுத்ததில் முதல். கடைசி ரேஸுக்கு வந்து சேர்ந்தபோது கொக்கு நான்கே புள்ளி முன்னால் இருந்தான். இருவரில் யார் முன்னால் வருகிறானோ அவனுக்குத்தான் அந்த வருஷத்துப் பட்டம். ரேஸ் நடந்தது ஏரிப் பாதையில்.

ரேஸ் அன்று காலை ஏரியிலிருந்து பனி எழும்பி பாதைமேல் படுத்திருந்தது. பார்வையாளர் படிக்கட்டுகள் பாதிக்கு மேல் காணவில்லை. கொடிக்கம்பங்கள் அடியில்லாமல் மிதந்தன. சின்னவன் கொக்கின் அணி தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டினான். கொக்கு தனியாக உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான் சின்னவன். "ஏரி வளைவுல நான் கண்ணைத் திறந்துட்டேன். உன் காலைப் பாத்துட்டேன்."

கொக்கின் கை கயிற்றில் நின்றது. "எப்ப?"

"அஞ்சாவது வாரம்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. ஆனா முழுசாப் பாத்தேன்."

கொக்கு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அடிபட்ட மாதிரி ஏதோ இருந்தது, அதைப் பார்ப்பது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றான். "எங்க இன்ஜினியருக்கே தெரியாது. நீ தூங்குறவன் பாக்கெட்ல கையை விட்டுட்ட."

"ஆமா. அதான் சொல்ல வந்தேன். இன்னைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்."

கொக்கு உடனே திரும்பினான். "செய்யாம இருந்து?"

"என் மாதிரி ஓட்டறேன்."

"ஓட்டி நீ தோத்தா, நீ விட்டுக்குடுத்து நான் ஜெயிச்ச மாதிரி ஆகும். அந்தப் பட்டத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "உன் கால் தெரிஞ்சுக்கிட்டதை உன் காலால மறக்க முடியாது. ஓட்டு. ஆனா ஒண்ணு. பாக்கறது வேற, செய்யறது வேற. கொஞ்சம் அழுத்தினா பின்பக்கம் சுத்திடும். ஏரி ஆழம் அதிகம்னு சொல்றாங்க."

அவன் சிரித்தானா என்று சின்னவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பனி விலகாமலேயே ரேஸ் தொடங்கியது. முதல் பத்துச் சுற்றுக்குள் மற்றவர்கள் எல்லாரும் பின்னால் எங்கேயோ கரைந்துபோனார்கள். முன்னால் சின்னவன், அவன் பின்னால் வழக்கம்போல ஒட்டிக்கொண்டு கொக்கு. கண்ணாடியில் அவன் வண்டி பனிக்குள்ளிருந்து முளைப்பதும் மறைவதுமாக இருந்தது. வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டியபின் எல்லாம் மெதுவாகிவிட்டது. பலகைகள் ஒவ்வொன்றாகத் தாமே நடந்து வந்து வழிவிட்டன. காதுக்குள் இன்ஜினியர் ஏதோ சொன்னார், அது பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது.

ஏரி வளைவில் பன்னிரண்டாவது சுற்றில் சின்னவன் அதை முயன்றான். பின்பக்கம் வழுக்கி, தண்ணீர் ஒரு கணம் நேர் எதிரே தெரிந்தது. பிடித்துக்கொண்டான். பதினெட்டாவதில் மறுபடி. இருபத்தி மூன்றாவதில் கை முன்கூட்டியே திரும்பியது, இடது கால் பூனையைத் தட்டியது, வண்டி யாரும் சொல்லாமலே தானாகத் திரும்பி, நேர்ப்பாதையில் போய்ச் சேர்ந்தது. உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. நாலு வருஷமாகக் கொக்குக்கு மட்டும் இது ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்திருக்கிறது என்று நினைத்தான்.

கடைசிக்கு நாலு சுற்று இருக்கும்போது இடது வளைவு ஒன்றில் உள்பக்கம் நிழல் விழுந்தது. கொக்கு மூக்கை நீட்டிவிட்டான். சின்னவனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அவன் முன்சக்கரம். பனி வெள்ளையாக இருந்தது. சின்னவனின் கால் தூக்கப் பார்த்தது. தூக்கவில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவில் சரியாக ஒரு வண்டி போகிற இடத்தைக் கொக்கு விட்டிருந்தான். அந்த இடத்தை விட்டதாலேயே அவனால் முந்த முடியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வளைவை முடித்தார்கள். சின்னவன் முன்னாலேயே இருந்தான்.

கடைசிச் சுற்று. ஏரிக்கு முந்தைய நேர்ப்பாதையில் கொக்கு உள்பக்கம் எடுத்து இணையாக வந்துவிட்டான். அந்த வளைவில் அந்த வித்தைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, அதில் இரண்டு பேர் போக முடியாது. சின்னவன் கொஞ்சம் ஸ்டியரிங்கை ஒடித்திருந்தால் கொக்குக்கு அந்த வழி கிடைத்திருக்காது. இரண்டு பேரும் புல்லில் போய் விழுந்திருக்கலாம், கொக்கு மட்டும் விழுந்திருக்கலாம். யாரும் தப்பென்று எழுதியிருக்க மாட்டார்கள். அவனுக்கு அது தெரிந்தது. நேரம் அவ்வளவு மெதுவாக இருந்ததால் யோசிக்கவும் முடிந்தது. அவன் ஒரு வண்டி அளவு இடம் விட்டு, வெளிப்பக்கமாக, தன் பழைய வழியில் வளைந்தான்.

கோட்டைத் தாண்டும்போது கொக்கின் வண்டி பாதி வண்டி நீளம் முன்னால் இருந்தது.

"இரண்டாவது, சின்னவனே," என்றார் இன்ஜினியர்.

ரேஸ் முடிந்தபின் வண்டிகளை மெதுவாக ஒரு சுற்று ஓட்டி நிறுத்த வேண்டும். பனிக்குள் கொக்கு வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தான். இரண்டு வண்டியும் சேர்ந்து, சைக்கிளில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் மாதிரி, பாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு போயின. பேச முடியாது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கொக்கு ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தான். சின்னவனும் பார்த்தான். அவ்வளவுதான்.

மேடையில் அன்றைக்கு இருவரும் ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். கீழே இறங்கியதும் அக்கா கொக்கின் எதிரில் போய் நின்றாள்.

"அந்தப் பல்லு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். ஜெயிச்சுட்டோம்னு வராம இருந்துடாத."

அதற்கப்புறம் அவர்கள் ஆறு வருஷம் ஒன்றாக ஓட்டினார்கள். நெருங்கிய நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவன் வீட்டு விசேஷத்துக்கு ஒருவன் போனதில்லை. சின்னவன் இரண்டு பட்டம் வாங்கினான், கொக்கு இன்னும் ஒன்று. ஏரி வளைவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் எப்படி அப்படி வெளியே வருகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு இருவருமே பதில் சொல்லவில்லை. சக்கரத்தோடு சக்கரம் அவர்கள் அப்புறம் தொட்டுக்கொள்ளவும் இல்லை.

அந்த ஏரிப் பாதை ரேஸ் நடந்த அன்றைக்கு மாலை, வீட்டுக்குத் திரும்பும்போது அக்காதான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். சின்னவன் பக்கத்தில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். நெடுஞ்சாலையில் எல்லாரும் அவர்களை முந்திப் போனார்கள், ஒரு தண்ணீர் லாரி உட்பட. பனி விலகி, வயல்களின்மேல் மஞ்சள் வெயில் சாய்ந்துகிடந்தது.

"வருத்தமா இருக்காடா?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா."

"ரொம்பவா?"

"இருக்கு. தூக்கமும் வருது."

"சரி, தூங்கு," என்றாள் அக்கா. இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, பள்ளம் வந்த இடத்திலெல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்டினாள்.